கண்டங்களின் மேலோட்டில் என்ன இருக்கிறது? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: மேலோட்டில், அதாவது பூமியின் வெளிப்புறப் பாறை அடுக்கில், எது எவ்வளவு என்று சதவீதக் கணக்கு சொல்கிறார்களே, எல்லா இடத்திலும் தோண்டியா பார்த்தார்கள்?

இல்லை. 1889-இல் எஃப். டபிள்யூ. கிளார்க் என்ற அமெரிக்க வேதியியலாளர், கையில் கிடைத்த பாறைப் பகுப்பாய்வுகளையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தார். பிற்பாடு விக்டர் கோல்ட்ஷ்மிட் என்ற புவிவேதியியலாளர் நார்வேயில் ஒரு குறுக்குவழி பிடித்தார். பனியாறு வழியிலுள்ள பாறைகளை அரைத்து மாவாக்கிவிடும். அந்த வண்டலைப் பகுத்தால் பெரும்பரப்பின் சராசரி கிடைத்துவிடும். வேலையைப் பனியாற்றின் தலையில் கட்டிய சாமர்த்தியம்! ஆனால் சோடியமும் கால்சியமும் கொஞ்சம் குறைவாக வந்தன. தண்ணீர் முந்திக்கொண்டு அவற்றைக் கரைத்துப் போயிருந்தது.

இன்றைய கணக்கில், கண்ட மேலோட்டின் மேற்பகுதியில் எடைக்குச் சுமார் 66 சதவீதம் சிலிக்கா (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தது), 15 சதவீதம் அலுமினா (அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது).

கேள்வி: அப்படியானால் முழுக்க கிரானைட்தானா?

சராசரி மட்டும் கிட்டத்தட்ட அப்படி. சரியாகச் சொன்னால், கிரானைட்டுக்கு நெருங்கிய உறவான கிரானோடயோரைட் என்ற பாறை.

கேள்வி: பாறை கரைந்துதான் கடல் உப்பானது என்றால், பொட்டாசியம் ஏன் கடலில் இவ்வளவு குறைவு?

நல்ல கேள்வி. மேலோட்டில் சோடியம் 2.4 சதவீதம், பொட்டாசியம் 2.3. ஏறக்குறைய சமம். ஒரு கிலோ கடல்நீரிலோ சோடியம் 10.8 கிராம், பொட்டாசியம் வெறும் 0.4 கிராம். பாறைகளில் அதிகம் காணும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமவகை சிதையும்போது இரண்டும்தான் வெளியே வருகின்றன. பொட்டாசியம் அயனி தன்னைச் சுற்றிய நீரை எளிதில் உதறிவிட்டுக் களிமண் தகடுகளுக்கு இடையே போய் உட்கார்ந்துகொள்ளும். செடிகளும் தம் பங்குக்கு உறிஞ்சும். சோடியம் தன் நீரை விடாது; அதனால் கரைசலிலேயே தங்கிவிடுகிறது.

கேள்வி: அருமண் தனிமங்கள் (சீரியம், லாந்தனம் போன்ற உலோகங்கள்) உண்மையில் அரிதானவையா?

பெயரை நம்பாதீர்கள். ஒரு டன் மேலோட்டுப் பாறையில் செம்பு சுமார் 28 கிராம், ஈயம் 17 கிராம். அருமண் வகையைச் சேர்ந்த சீரியம் 63 கிராம்! சிக்கல் அளவில் இல்லை, குணத்தில். செம்பு கந்தகத்தோடு சேர்ந்து, சூடான நீரின் வழியே ஓரிடத்தில் குவியும். அருமண் தனிமங்கள் பல கனிமங்களில் கால்சியத்தின் இடத்தில் நுழைந்து சிதறிவிடும். போதாததற்கு, ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போல இருப்பதால் தனித்தனியே பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கேள்வி: யுரேனியம் அவ்வளவு கனமானது. அது பூமிக்குள் மூழ்காமல் மேலே என்ன செய்கிறது?

இங்கே எடைக்கு வேலையில்லை. இடம் கிடைக்கிறதா என்பதுதான் விஷயம். பெரிய அயனி, மின்சுமையும் அதிகம். மேலோட்டுக்குக் கீழேயுள்ள மூடகத்தின் கனிமங்களில் அதற்கு இருக்கை இல்லை. பாறை லேசாக உருகினாலும் உருகிய பகுதிக்குத் தாவி, அதோடு மேலே வந்துவிடும். அதனால்தான் மேல்பகுதியில் டன்னுக்கு 2.7 கிராம் வரை சேர்ந்திருக்கிறது. அப்புறம், சிர்கான் என்ற கனிமம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே உள்ளே காணும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் சிர்கான்களுக்கு 440 கோடி வயது என்று கண்டது அந்த ஈயத்தை எண்ணித்தான்.