வாசகர் கேள்வி - பதில்: தொட்டி இறாலின் முழுப்பெயர்

சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று வகை இறால் வாங்கி ஒரே தொட்டியில் விட்டேன். இப்போது குஞ்சுகள் எல்லாம் சாயம் போன பழுப்பாக வருகின்றன. வேறு வேறு இனம் எப்படி ஐயா கலந்தது?
- வாசகி, திருமங்கலம்

வேறு வேறு இனம் இல்லை அம்மா. மூன்றும் நியோகரிடினா டேவிடி என்ற ஒரே இனம்தான். கிச்சிலிச் சம்பாவும் மாப்பிள்ளைச் சம்பாவும் நெல்லில் ரகங்கள் அல்லவா, அப்படித்தான் ரெட் செர்ரியும் ப்ளூ ட்ரீமும். நிறம் பார்த்துப் பொறுக்கிப் பெருக்கியவை. கலந்து விட்டால் அடுத்தடுத்த தலைமுறைகளில் காட்டு இறாலின் பழுப்பு திரும்பிவிடும். குஞ்சுகளுக்கு நோய் எதுவும் இல்லை, கவலைப்படாதீர்கள். நிறம் வேண்டுமென்றால் ஒரு தொட்டிக்கு ஒரு நிறம்.

1904-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பூவியே இதைக் கரிடினா டேவிடி என்றுதான் விவரித்தார். பின்னால் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி, பெயரின் முதல் சொல்) மாறியதால் ‘நியோகரிடினா டேவிடி (பூவியே, 1904)’ என்று அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். பேரினம் மாறாத இனத்துக்கு அடைப்புக்குறி கிடையாது. இந்தச் சின்னக் குறியில் ஒரு உயிரியின் வரலாறே இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான். 2002-இல் ஹெட்டிரோபோடா என்று பெயர் பெற்றதும் இதே இறால் என்று தெரிந்தபோது, முந்திய பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி டேவிடி நிலைத்தது. பழைய புத்தகங்களில் ஹெட்டிரோபோடா என்ற பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

பேரினத்தை நிறம் காட்டாது. செத்த ஆண் இறாலை வெள்ளைச் சாஸரில் மல்லாக்கப் போட்டு, லென்ஸ் வைத்து வயிற்றின் அடியில் உள்ள முதல் ஜோடி நீந்துகாலைப் பாருங்கள். அந்தக் காலின் உள்பக்க மடல் பேரிக்காய் வடிவில் அகன்று இருந்தால் நியோகரிடினா.

கிரிஸ்டல் ரெட் இறாலைச் செர்ரியோடு விடலாமா? எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான்.
- வாசகர், மதுரை

இரண்டும் கலந்து குஞ்சு பொரிக்காது. கிரிஸ்டல் ரெட் கரிடினா பேரினம். வெகுநாள் கரிடினா கான்டோனென்சிஸ் என்றே சொல்லிவந்தோம். 2014-இல் லோகிமன்னி என்று தனி இனமாக விவரித்தார்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். அதற்குக் கடினம் குறைந்த, லேசான அமிலத் தன்மையுள்ள தண்ணீர் வேண்டும். பாத்திரத்தில் வெள்ளை படியும் போர் தண்ணீரில் அது தாங்காது, ஆர்.ஓ. தண்ணீரில் அதற்கென்று விற்கும் தாது உப்பை அளந்து சேர்த்துத்தான் வளர்க்க முடியும். செர்ரி கடினத் தண்ணீரிலும் நன்றாகப் பெருகும். கடையில் நிறத்தின் பெயரோடு நிறுத்தாமல், “நியோவா, கரிடினாவா?” என்று கேட்டு வாங்குங்கள்.