நடந்தால் மட்டும் எலும்புக்குப் போதுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 1.9 என்று வந்திருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அது போதாது, ஜிம்மில் வெயிட் தூக்கு என்கிறாள் மகள். எலும்பு முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. பயப்படாமல் கேளுங்கள்.

டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பு அடர்த்தியை இளம் வயதினருடையதோடு ஒப்பிடும் எண். மைனஸ் 1.9 என்பது எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். மைனஸ் 2.5-ஐத் தொட்டால்தான் அதை ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு எளிதில் முறியும் நோய் என்பார்கள். ஆனால் மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்த முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரையும். நீங்கள் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

நடையை விட வேண்டாம், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. எலும்போ, பழகியதைவிடக் கூடுதல் பாரம் ஏறினால்தான் வலுவாகும். தினமும் நடக்கிற அதே நடை அதற்குப் பழகிப்போயிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் 58 வயதைத் தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2018-இல் வெளியானது. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், 8 மாதம். நல்ல கனமான வெயிட்டைத் தூக்கினார்கள், குதித்து இறங்கினார்கள். முதுகெலும்பின் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த பெண்களுக்கோ குறைந்தது. கனமாகத் தூக்கியதால் யாருக்கும் எலும்பு முறியவில்லை. ஆனால் ஒன்று, அவர்கள் குறைந்த எடையில் தொடங்கினார்கள், பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்தார். யூடியூப் பார்த்துத் தனியாகத் தூக்குவது வேறு.

முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது என்று தொடங்கலாம். அப்புறம் டம்பெல். முதுகை வளைத்துத் தரையைத் தொடுவதும் சிட்-அப்பும் வேண்டாம், முதுகெலும்பு நசுங்க வாய்ப்பு உண்டு. குடத்தைத் தூக்கும்போதும் முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். பெரும்பாலும் விழுவதால்தான் இடுப்பெலும்பு முறிகிறது. பாத்ரூம் தரை ஈரமாக இருக்கக் கூடாது.

சாப்பாட்டில், உங்கள் வயதில் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 கிடைக்கும். மீதியைப் பால், தயிர், எள், கீரையில் பார்த்துக்கொள்ளலாம். வைட்டமின் டி அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள்.

திடீரென்று முதுகு வலித்தாலோ உயரம் குறைந்ததுபோல் தெரிந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.