க்ரீமா, சாம்பலா? முதலில் சுவரைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: தலவாக்கலையில் இருக்கிறோம். தீபாவளிக்கு முன் முன்னறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். எனக்கு இளம் க்ரீம் பிடிக்கும், மகன் இளஞ்சாம்பல்தான் வேண்டும் என்கிறான். பின்னேரத்தில் அங்கேதான் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறேன். எந்த நிறத்துக்குச் செலவு குறைவு? கணவரின் தீபாவளி முற்பணத்தில் செய்யலாமா?

பதில்: டின் விலையில் பெரிய வித்தியாசம் வராது, தங்கச்சி. இளம் நிறங்கள் பெரும்பாலும் வெள்ளையில் கொஞ்சம் சாயம் கலந்தவைதான். விலை ஏறுவது கடும் நிறங்களுக்கு.

வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது. சில ஷேட் கார்டுகளில் எல்.ஆர்.வி. என்று 0 முதல் 100 வரை ஓர் எண் இருக்கும். கூடக்கூட சுவர் அதிக வெளிச்சத்தைத் திருப்பித் தரும். இளம் க்ரீம் பெரும்பாலும் 80ஐ ஒட்டியும், இளஞ்சாம்பல் 60ஐ ஒட்டியும் நிற்கும். வெளியே மூன்று மணிக்கே மூடுபனி இறங்குகிற ஊரில் சாம்பல் சுவர் இன்னும் குளிர்ந்து தெரியும், லைட்டையும் நேரத்தோடு போட வேண்டி வரும். டியூஷன் அறைக்கு என் ஓட்டு க்ரீமுக்கே. மகன் கோபித்தால் இரண்டையும் ஒரு கார்ட்போர்ட் துண்டில் அடித்து, காலை பனியிலும் இரவு பல்ப் வெளிச்சத்திலும் காட்டுங்கள்.

ஆனால் உங்கள் காசைத் தின்பது நிறமல்ல, ஈரம். ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவரே ஈரம்; அதற்கு மேல் எந்த நிறம் அடித்தாலும் உரிந்து வரும். தீபாவளிக் காலம் இங்கே மழைக்காலம். மாசி, பங்குனி வரை பொறுத்தால் சுவர் காயும்.

முற்பணம் வேண்டாம். அதை மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள்; உரிந்த சுவருக்கும் சேர்த்து வெட்டுக் கொடுக்க வேண்டுமா? டியூஷன் காசில் மாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள். பண்டிகைக்குச் சுவரைத் துடைத்து, புதுத் திரைச்சீலை போட்டால் போதும்.

அளவு: 12க்கு 10 அடி அறை, 9 அடி உயரம் என்றால், கதவு ஜன்னல் போக ஏறக்குறைய 350 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு ஏழு லீற்றர் அளவு தேவை. நாலு லீற்றர் டின் இரண்டு எடுங்கள். மிஞ்சும் லீற்றரை மூடி, நிறத்தின் எண்ணை மூடியில் எழுதி வையுங்கள். டியூஷன் பிள்ளைகளின் கைத்தடம் விழும்போது தேவைப்படும்.