வேலை மாறினால் கிரீன் கார்டு வரிசையில் என் இடம் போய்விடுமா?

கேள்வி: நெல்லிக்குப்பம் என் சொந்த ஊர். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் ஏழாவது ஆண்டாக மென்பொருள் பணியில் இருக்கிறேன். மனைவி, எச்-1பி ஊழியரின் துணைக்கான எச்-4 விசாவில் உடன் இருக்கிறார். நிறுவனம் எனக்காகத் தாக்கல் செய்த ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவுக்கு 2022 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி 2021 என்பதால், கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட விண்ணப்பமான ஐ-485 இன்னும் போடவில்லை. இப்போது வேறொரு நிறுவனம் அழைக்கிறது. "நீ போனால் ஐ-140ஐ வாபஸ் வாங்கிவிடுவோம், கிரீன் கார்டுக்கு ஆன செலவையும் கட்ட வேண்டும்" என்கிறார் மேலாளர். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். இங்கிருந்தே ராஜினாமா அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். உங்கள் கேள்விகளில் உடனடி ஆபத்து உள்ளது இதில்தான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். நீங்கள் திரும்பிச் செல்லும்போது காட்டப்போகும் எச்-1பி அப்ரூவல் நோட்டீஸ், இப்போதைய நிறுவனத்தில் வேலை பார்ப்பதற்காகத் தரப்பட்டது. அந்த வேலையை விட்டுவிட்டு அதே தாளைக் காட்டி உள்ளே நுழைந்தால், குடியேற்ற அதிகாரியிடம் பொய் சொன்னதாகப் பதிவாகி, பிற்காலத்தில் கிரீன் கார்டையே அது பாதிக்கலாம். ஆகவே விடுப்பு முடிந்ததும் திரும்பிப் போய்ப் பழைய வேலையில் சேருங்கள். அதன் பிறகு, அண்மைச் சம்பளச் சீட்டுகளையும் நாட்டுக்குள் நுழைந்ததையும் தங்கும் காலத்தையும் காட்டும் புதிய ஐ-94 பதிவையும் வைத்துப் புதிய நிறுவனம் எச்-1பி மனு போடட்டும். அந்த மனு குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே அங்கே வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் ஒப்புதல் வரும்வரை பழைய வேலையை விடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து; மனு நிராகரிக்கப்பட்டால் இரண்டு வேலையும் இல்லாமல் நிற்க நேரும். விரைவுப் பரிசீலனைக்கான பிரீமியம் கட்டணம் செலுத்தினால் 15 வேலை நாள்களுக்குள் துறை ஏதேனும் ஒரு நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அந்தச் செலவைப் புதிய நிறுவனத்திடமே கேளுங்கள்.

அடுத்து, மேலாளரின் மிரட்டல். 180 நாள் என்ற கணக்கு இந்தச் சட்டத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. பலரும் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள். ஐ-140 ஒப்புதல் பெற்று 180 நாள் கடந்துவிட்டால், அதன் பிறகு நிறுவனம் அதை வாபஸ் வாங்கினாலும் அந்த ஒப்புதல் ரத்தாகாது என்ற விதி 2017 ஜனவரி 17 முதல் நடைமுறையில் உள்ளது. உங்களுக்கு அந்தக் கெடு 2022 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. மோசடியோ, துறையின் பெரும் பிழையோ, பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றிதழ் (அந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்கப் பணியாளர் கிடைக்கவில்லை என்பதற்கான சான்று) ரத்தோ இல்லாதவரை முன்னுரிமைத் தேதி உங்களுடையதுதான். அந்த ஐ-140 ஒப்புதலை ஆதாரமாகக் காட்டிப் புதிய நிறுவனம் ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டியும் மூன்று ஆண்டுகள் வரை எச்-1பி நீட்டிப்புப் பெறலாம்.

இரண்டாவது 180 நாள், ஐ-485 போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு உரியது. அவர்கள் அதே வகையான வேலைக்கு மாறினால், புதிய வேலையை உறுதிசெய்யும் சப்ளிமெண்ட் ஜே படிவம் கொடுத்துப் பழைய ஐ-140ஐக் கொண்டே தொடரலாம். உங்களுக்கு இது பொருந்தாது. எந்த ஒரு நாட்டவருக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 விழுக்காடு என்ற உச்சவரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை நீண்டு கிடக்கிறது. நீங்கள் ஐ-485 போடும் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை. ஆகவே புதிய நிறுவனம் பெர்ம் தொழிலாளர் சான்றிதழில் தொடங்கித் தன் பெயரில் புதிய ஐ-140 வாங்கியாக வேண்டும். பழையதிலிருந்து கூட வருவது தேதி மட்டுமே. அந்த நிறுவனம் பெர்ம் வேலையை இழுத்தடித்தால், உங்கள் தேதி வரும் நாளில் ஐ-485 போட அடிப்படை எதுவும் இருக்காது. எத்தனை மாதத்துக்குள் பெர்ம் தொடங்குவார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.

ஐ-140 ஒப்புதல் தாளான ஐ-797இன் நகல் உங்களிடம் இருக்கிறதா? மனு போட்டது நிறுவனம் என்பதால் தாளும் அவர்களிடமே இருந்துவிடுவது உண்டு. திருப்பாப்புலியூரைச் சேர்ந்த தம்பி ஒருவர் புதுச்சேரியில் என் அலுவலகத்துக்கு வந்து, கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றைத்தான் காட்டினார். முன்னுரிமைத் தேதி அச்சாகியிருந்த கட்டத்தை அவருடைய பெருவிரலே மறைத்திருந்தது. மூன்று எழுத்தும் பத்து எண்ணும் கொண்ட ரசீது எண் தெரிந்ததால், அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டப்படி விண்ணப்பித்து நகல் பெறச் சொன்னேன். நீங்கள் வேலையில் இருக்கும்போதே முழுத்தாளையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

செலவுத் தொகையைப் பொறுத்தவரை, பெர்ம் சான்றிதழுக்கான செலவையும் அதற்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் ஊழியரிடம் வசூலிக்க 2007 முதல் தடை உள்ளது. ஐ-140 கட்டணம் அந்தத் தடைக்குள் வராது. அதைத் திருப்பித் தருவதாக நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அவர்கள் கேட்க இடமுண்டு. பாதியில் விலகியதற்கான அபராதம் என்று வெறுமனே ஒரு தொகையைச் சொன்னால் ஏற்காதீர்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் ஒரு டாலரும் கட்ட வேண்டாம்.

நீங்கள் மாறப்போவது தெரிந்து அவர்களே வேலையிலிருந்து நீக்கிவிட்டால், கடைசியாக வேலை பார்த்த நாளிலிருந்து 60 நாள், அல்லது ஐ-94 முடியும் நாள், இவற்றில் எது முன்னதோ அதுவரைதான் அவகாசம். புதிய மனு அதற்குள் போய்ச் சேர வேண்டும். மனைவியின் எச்-4 நீட்டிப்பு தனி விண்ணப்பம் என்பதால், உங்கள் மனுவோடு சேர்த்தே அதையும் அனுப்பச் சொல்லுங்கள். புதிய நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் பார்ப்பது நிறுவனத்தின் நலனைத்தான். அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரை உங்கள் சார்பில் தனியே அமர்த்தி, ஐ-797, ஐ-94, பழைய ஒப்பந்தம், புதிய நியமனக் கடிதம் ஆகிய நான்கையும் அவரிடம் காட்டிய பிறகு ராஜினாமா எழுதுங்கள்.