ஆற்று வெள்ளமும் வராது, கடல்நீரும் வராது என்றால் அந்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி: ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சில கிலோமீட்டர் மேலே ஒரு வீடு விலைக்கு வருகிறது. 100 ஆண்டு ஆற்று வெள்ள வரைபடத்தில் (எந்த ஓர் ஆண்டிலும் 100-இல் 1 வாய்ப்புள்ள வெள்ளம் எதுவரை வரும் என்று காட்டுவது) அந்த இடம் அபாயப் பகுதிக்கு வெளியே இருக்கிறது. கடல்நீர் உட்புகும் வரைபடத்திலும் அப்படித்தான். நம்பி வாங்கலாமா?

பதில்: இந்த இரண்டு வரைபடங்களை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அவை தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆறு மட்டும் பொங்கினால் என்ன ஆகும், கடல் மட்டும் ஏறினால் என்ன ஆகும் என்று அவை தனித்தனியாகச் சொல்கின்றன. இரண்டும் ஒரே நாளில் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நிற்கும்போது ஆறு வடிய முடியாமல் பின்னோக்கித் தேங்கும். மேலிருந்து வரும் நீரோ நிற்காது. தனியாக வந்தால் கரைக்குள் அடங்கிவிடும் நடுத்தர வெள்ளம்கூட, நடுத்தரக் கடலேற்றத்தோடு சேர்ந்தால் தெருவுக்குள் வரும்.

'அப்படிச் சேர்வது அபூர்வம்தானே?' என்று தோன்றும். ஆண்டுக்கு 100-இல் 1 வாய்ப்புள்ள இரண்டு நிகழ்வுகள் ஒரே ஆண்டில் வர 10,000-இல் 1 வாய்ப்பு என்ற கணக்கு, அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருந்தால் மட்டுமே சரி. இங்கே ஒரே புயல்தான் இரண்டையும் கொண்டுவருகிறது. காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளும். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும். அதே புயலின் மழை ஆற்றை நிரப்பும். சிறிய ஆறென்றால் சில மணி நேரத்திலேயே இரண்டு உச்சங்களும் சந்தித்துவிடலாம். பெரிய ஆற்றில் வெள்ளம் நாட்கள் தாமதித்து வரும், ஆனால் வந்தபின் பல நாள் நிற்கும். அதற்குள் எத்தனையோ உயர் ஓதங்கள் (கடல்மட்டம் வழக்கமாக ஏறி இறங்குவதில் வரும் உச்சங்கள்) வந்து போகும்.

ஓர் உதாரணம்: லண்டனில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்பணை கடலை மறிக்கக் கட்டப்பட்டது. 2013–14 குளிர்காலத்தில் அதை 50 முறை மூடினார்கள். அதில் 41 முறை ஆற்று வெள்ளத்துக்காகத்தான்! கடல் இறங்கியிருக்கும்போதே கதவை மூடி, ஆற்று நீருக்கு உள்ளே இடம் ஒதுக்கினார்கள்.

வெப்பம் கூடும்போது இரண்டு பக்கமும் நெருக்கடி கூடுகிறது. 1 டிகிரிக்குக் காற்று சுமார் 7% அதிக ஈரப்பதம் தாங்கும், அதனால் பெருமழை இன்னும் கனக்கும். 2006–2018 காலத்தில் உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு சுமார் 3.7 மி.மீ. உயர்ந்தது. கழிமுக நிலம் தாழ்ந்துகொண்டும் இருந்தால் உள்ளூரில் ஏற்றம் இன்னும் கூடுதல். ஆகவே பழைய பதிவுகளை வைத்து வரைந்த '100 ஆண்டு' கோடு அப்படியே நிற்காது. நின்றாலும்கூட, அந்தக் கோட்டில் இருக்கும் வீட்டுக்கு 30 ஆண்டில் ஒருமுறையாவது வெள்ளம் வர 26% வாய்ப்பு உண்டு.

சரி, என்ன செய்யலாம்? ஆற்று வரைபடம் தயாரித்த துறையிடம், முகத்துவாரத்தில் கடல்மட்டம் எவ்வளவு என்று வைத்துக் கணக்கிட்டார்கள் என எழுத்தில் கேளுங்கள். சராசரி மட்டம் என்று பதில் வந்தால் அந்த வரைபடம் உங்களுக்குப் போதாது. அப்புறம், ஒரு நில அளவையாளரை வைத்து வீட்டுத் தளத்தின் உயரத்தை அளந்து, உயர் ஓத மட்டத்தோடு ஒப்பிடுங்கள். இதில் பலர் ஏமாறுகிறார்கள்: ஓத அட்டவணையின் பூஜ்யமும் (உயரத்தை அளக்கத் தொடங்கும் மட்டம்) நில அளவையின் பூஜ்யமும் பெரும்பாலும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே அடிப்படைக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும்.

நான் மிக முக்கியமாகப் பார்ப்பது மழைநீர் வடிகாலின் வாய். அது உயர் ஓதத்துக்குக் கீழே இருந்தால், கடல் இறங்கும்வரை தெருவில் பெய்த மழைக்குப் போக்கிடம் கிடையாது. மதகுக் கதவு இருந்தாலும் அது கடலைத் தடுக்குமே தவிர, உள்ளே பெய்ததை வெளியேற்றாது. ஓதம் அதிகம் உயரும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கனமழை பெய்தபோது எத்தனை மணி நேரம் தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பம்பு இல்லை, வடிகாலின் வாயும் தாழ்வு என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம் என்றே சொல்வேன்.