வகுப்பில் தெரிந்தது பிரசவ அறையில் ஏன் கைகொடுப்பதில்லை?

கேள்வி: எங்கள் பிரசவ வார்டு செவிலியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறோம். தேர்வை நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் குழந்தை பிறந்தபின் தாய்க்கு இரத்தப்போக்கு அதிகமானால் தடுமாறுகிறார்கள். பயிற்சியை எப்படி மாற்றலாம்?

பதில்: பயிற்சியைப் பிரசவ அறைக்கே கொண்டுபோங்கள். மாதம் ஒருமுறை 20 நிமிடம் போதும். அன்று பணியில் இருக்கும் குழுவே, அதே கட்டில், அதே மருந்து அலமாரியோடு ஒத்திகை செய்யட்டும். இரவுக் குழுவுக்கும் கட்டாயம் நடத்துங்கள். ஆள் குறைவாக இருப்பது அப்போதுதான்.

முதலில் திருத்த வேண்டியது, போன இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடும் பழக்கத்தை. சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை 300, 500, 1000 மி.லி. என அளந்து விரிப்புகளில் ஊற்றி, எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் குறைத்தே எழுதுவார்கள், அளவு கூடக்கூட இன்னும் குறைத்து. சிகிச்சை தாமதமாவது இங்கிருந்துதான். அதனால் தாய்க்கு அடியில் விரித்து இரத்தத்தைச் சேகரிக்கும், அளவுக்கோடு போட்ட விரிப்பைப் பழக்குங்கள். சுகப்பிரசவத்தில் 500 மி.லி. ஆனதும், அல்லது 300 மி.லி.யிலேயே நாடியோ இரத்த அழுத்தமோ மாறியிருந்தால், சிகிச்சை தொடங்க வேண்டும்.

தொடங்கினால் எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்க வேண்டும்: கருப்பையைத் தேய்த்துவிடுதல், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின், சிரைவழித் திரவம், உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் (10 நிமிடத்தில் மெதுவாக, பிரசவமான 3 மணி நேரத்துக்குள்), சிறுநீர்ப்பையைக் காலிசெய்து கிழிசலையும் நஞ்சுக்கொடியையும் சோதித்தல். ஒன்று பலிக்கிறதா பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்று காத்திருப்பதுதான் பழைய, ஆபத்தான பழக்கம். 2023இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வில், விரிப்பால் அளந்து இப்படி ஒருசேரச் சிகிச்சை தந்த மருத்துவமனைகளில், கடும் இரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, மரணம் மூன்றும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தன.

ஒத்திகையில் பேச்சையும் கவனியுங்கள். “யாராவது மருந்து எடுங்க” என்றால் எல்லோரும் அடுத்தவர் எடுப்பார் என்று நிற்பார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அழைக்கப்பட்டவர் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்ல வேண்டும். நடப்பதை ஒருவர் நேரம் குறித்து எழுதட்டும். முதலில் கண்டவர் தாயை விட்டு நகரக் கூடாது.

முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஆளைக் குறை சொன்னால் அடுத்தமுறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அலமாரிச் சாவி வேறொருவரிடம் இருந்தது, டிரிப் செட் பக்கத்து அறையில் இருந்தது, 2–8 டிகிரியில் இருக்க வேண்டிய ஆக்ஸிடோசின் மேசைமேல் கிடந்தது என்பவையெல்லாம் அப்போதுதான் வெளிவரும். அவற்றை அதே வாரம் சரிசெய்யுங்கள். இரத்தப்போக்கைக் கண்டதிலிருந்து முதல் மருந்து ஏறும்வரை ஆன நிமிடங்களை ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். பயிற்சி பலிக்கிறதா என்பதைத் தேர்வு மதிப்பெண்ணைவிட அந்த எண் தெளிவாகக் காட்டும்.