‘பீதியடைய வேண்டாம்’ என்றால் போதுமா?

கேள்வி: நெருக்கடி நேரத்தில் தெரிந்ததையெல்லாம் வெளியே சொன்னால் சனம் கலவரப்படும். எல்லாம் உறுதியான பிறகு வாய் திறப்பதுதானே பொறுப்பான தலைவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் அழகு? (வாசகர், கோண்டாவில்)

பதில்: இல்லை. கோண்டாவிலில் இருக்கும் நீங்களே இப்படிக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சுன்னாகம் உங்களுக்கு எவ்வளவு தூரம்?

2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் அங்கிருந்த மின் நிலையத்தின் எண்ணெய் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் கலந்த விவகாரம் பெரிதாக வெடித்தது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு இது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். அள்ளிய வாளியில் எண்ணெய் மணத்தால் வீட்டுக்காரர் கேட்பது ஒன்றுதான்: இதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா? அதற்கு நேரான பதில் வரவில்லை. வந்த ஆய்வு அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. எதை நம்புவது என்று தெரியாமல்தான் சனம் தெருவில் இறங்கியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. அத்தனை வருடமும் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள்.

‘உறுதியான பிறகு’ என்கிறீர்கள். சரி, 2024 டிசம்பரை எடுங்கள். வெள்ளம் வடிந்த கையோடு வடமராட்சியில் காய்ச்சலில் ஆட்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். ‘மர்மக் காய்ச்சல்’ என்று முகநூலில் செய்தி பறந்தது. அது எலிக்காய்ச்சல் என்று வைத்தியர்கள் பெயர் சொல்லி, வயலில் இறங்குவோர் தடுப்புக் குளிசை எடுங்கள், காய்ச்சல் வந்தால் வீட்டில் கிடக்காமல் வைத்தியசாலைக்கு வாருங்கள் என்று சொன்னபோதுதான் சனத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. மனிதன் பயத்தைத் தாங்குவான். என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பதைத்தான் அவனால் தாங்க முடியாது. பரிசோதனை முடிவு கைக்கு வராத நாளிலும் ஒரு அதிகாரி இப்படிச் சொல்லலாம்: “என்ன நோய் என்று இன்னும் தெரியாது, மாதிரிகள் போயிருக்கின்றன, நாளை மாலை திரும்பச் சொல்கிறேன், அதுவரை வெள்ளத் தண்ணீரில் இறங்காதீர்கள்.” இதில் பீதியைக் கிளப்ப என்ன இருக்கிறது? சொன்னபடி மறுநாள் மாலை அவர் வந்து நிற்க வேண்டும், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும்.

நிறுவனங்களுக்கும் இதேதான். 1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் யாரோ சயனைட் விஷம் கலந்துவைத்த டைலனால் என்ற வலி மாத்திரையை விழுங்கி 7 பேர் இறந்தார்கள். அதை விற்ற ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம், விசாரணை முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மாத்திரையைப் பாவிக்காதீர்கள் என்று தானே அறிவித்து, 3 கோடிக்கும் மேற்பட்ட போத்தல்களைத் திருப்பி எடுத்தது. திறந்தால் தெரியும்படியான புதிய பொதியில் அதே மருந்து மறுபடி கடைக்கு வந்தபோது சனம் வாங்கியது.

இன்னும் ஒன்று. வடமராட்சி கிழக்குக் கரையில் இருப்பவருக்குப் புயல் எச்சரிக்கை முதலில் வேறு மொழியில் வந்து, தமிழில் பிந்தி வந்தால், அந்த இடைவெளியில் படகு கடலுக்குப் போய்விடும். மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது புயல் கிளம்பிய பிறகு செய்யும் வேலையா?

பேசுபவர் ஒருவராக இருக்கட்டும். பிரதேச செயலகம் ஒன்று, வைத்தியசாலை ஒன்று, அரசியல்வாதி ஒன்று என்று ஆளுக்கொரு கதை சொன்னால் வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவைத்தான் ஊர் நம்பும். முதல் நாள் சொன்னது பிழையென்று மூன்றாம் நாள் தெரிந்தால், அதே ஆள் அதே மேசையில் இருந்து, எது பிழை, இப்போது எது சரி என்று சொல்ல வேண்டும். பேச்சாளரை மாற்றிவிட்டு அதைக் கடந்துபோக நினைப்பவர்களிடம் அடுத்த வெள்ளத்தின்போது ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள்.